நேரங்காலம் சாரும் பதினோரு மணிச் சேவலும்

பழவேற்காட்டில் யார் எப்போது தூங்குகிறார்கள், யார் எப்போது விழிக்கிறார்கள், யார் விழித்துக்கொண்டே தூங்குகிற மாதிரி நடிக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் நேரங்காலம் சார்தான். இந்த விஷயத்தில் கடவுளுக்கே சந்தேகம் வந்தாலும் அவருக்குத்தான் போன் போட்டுக் கேட்க வேண்டும். அதுவும் சார் நாற்காலியில் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போட வேண்டும். அது எந்த நேரம் என்று கடவுளுக்கும் தெரியாது என்பது சாரின் நம்பிக்கை.

அவருடைய சொந்தப் பெயரை நாங்கள் யாரும் உபயோகித்ததில்லை. எதைக் கேட்டாலும் "எல்லாத்துக்கும் ஒரு நேரங்காலம் இருக்குதும்மா" என்று ஆரம்பிப்பார். அதுவே பெயராகிவிட்டது. முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டோம். கொஞ்ச நாளில் அவரே போனை எடுத்து, "நேரங்காலம் பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அப்புறம் என்ன, முகத்துக்கு நேராகவே கூப்பிட்டோம்.

நான் வேலை பார்ப்பது பழவேற்காடு பஜாரில் ஒரு கேபிள் ஆபீஸில். முன்பு டி.வி. மட்டும்தான். இப்போது அதே கம்பத்தில் இன்டர்நெட்டும் ஓடுகிறது. முதலாளியை எல்லோரும் பாய் என்போம். ஒரு காலத்தில் கப்பலில் சரக்கு அனுப்பிய குடும்பம். இவர் ஒயரில் சினிமா அனுப்புகிறார். ஒயர் இழுப்பவர் கோட்டைக்குப்பம் எத்திராஜ் அண்ணன். நான் திருப்பாலைவனத்திலிருந்து பஸ் பிடித்து வந்து கம்ப்ளெயின்ட் போனை எடுக்கிறவள். "நெட்டு வரல" என்கிறவர்களிடம் "பாக்ஸை அணைச்சிட்டுப் போடுங்க" என்று சொல்வது என் உத்தியோகம். இதற்காகத்தான் பி.காம். படித்தேன்.

ஒரு நாள், எங்களுக்கு மெயின் லைன் கொடுக்கும் சென்னைக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. எங்கள் பக்கமிருந்து யாருடைய கம்ப்யூட்டரோ ஊர் உலகத்துக்கெல்லாம் குப்பை மெயில் அனுப்பிக்கொண்டிருக்கிறதாம். அந்த கம்ப்யூட்டருக்குள் எவனோ புகுந்து உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம். எங்கள் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் வெளியே போவது ஒரே வாசல் வழியாக. அதனால் குப்பை எந்த வீட்டுக் குப்பை என்று சென்னைக்குத் தெரியாது. கண்டுபிடிப்பது எங்கள் தலைவலி. அந்த முறை அது ஒரு போட்டோ ஸ்டூடியோவின் பழைய மிஷின் என்று தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்து அணைத்தோம். இன்னொரு தடவை இப்படி வந்தால் லைனையே வெட்டிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

லைன் போனால் ஆபீஸ் போச்சு. நான் பொன்னேரி போய் ரயில் பிடித்து, நசுங்கி, சென்னைக்கு வேலைக்குப் போக வேண்டும். எத்திராஜ் அண்ணனின் நிலைமை இன்னும் மோசம். அவர் மறுபடியும் தன் நைனாவோடு, அதாவது அப்பாவோடு, மீன் பிடிக்கப் போட்டில் ஏற வேண்டும். அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. கரை கண்ணில் இருக்கும்போதே வாந்தி எடுத்துவிடுவார். கோட்டைக்குப்பம் மாதிரி ஒரு மீனவர் ஊரில் பிறந்த ஆம்பிளை இதை வெளியில் சொல்ல முடியுமா? கம்பத்தில் ஏறுகிற தைரியம் வேறு, அலையில் ஏறுகிற தைரியம் வேறு என்று எங்களிடம் மட்டும் சொல்லுவார்.

ஆகவே நெட்வொர்க்கைக் கண்காணிக்க ஒரு ஆள் வேண்டும் என்று பாய் தேட ஆரம்பித்தார். சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஏரியைப் பார்த்தார்கள், பறவையோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள், இறால் வறுவல் சாப்பிட்டார்கள், போய்விட்டார்கள். மூன்றாவதாக ஆந்திர எல்லைப் பக்கத்து எளாவூரிலிருந்து குடையும் லேப்டாப் பையுமாக ஒருவர் வந்து இறங்கினார். பைக்குள் லேப்டாப் இல்லை, டிபன் டப்பா இருந்தது. கம்ப்யூட்டரில் ஒரு டிப்ளமா வாங்கிவிட்டு, எளாவூர்ப் பக்கம் ஒரு தனியார் எடைமேடையில் லாரிகளை எடை போட்டுக்கொண்டிருந்தவர். திருடனை எப்படிப் பிடிப்பீர்கள் என்று பாய் கேட்டார்.

"லாரிக்குள்ள இன்னா சரக்குன்னு பாக்கறவன் ஏமாந்துடுவான் பாய். தார்ப்பாய் போட்டு மூடிக்கினு வருவான். நான் டைமைப் பாப்பேன். தெனம் காலைல போற செங்கல் லாரி, ஒரு நாள் பட்டப்பகல் ரெண்டு மணிக்கு வந்தா அத்த நிறுத்தணும். உள்ள இருக்கறது செங்கல் இல்ல."

"சரிய்யா, கம்ப்யூட்டர்?"

"அதுவும் லாரிதான் பாய்."

பாய்க்கு இது பிடித்துவிட்டது. நானும் எத்திராஜ் அண்ணனும் நாலாவது ஆள் யாராவது வருகிறாரா என்று வாசலைப் பார்த்தோம்.

எடைமேடை வேலை எப்படிப் போயிற்று என்பதையும் சார் மறைக்கவில்லை. அவர் ஒரு மணி அடித்தால் டப்பாவைத் திறப்பார், ஒன்றரைக்கு மூடுவார். இதை லாரிக்காரர்கள் கவனித்துவிட்டார்கள். ஆந்திராவிலிருந்து வருகிற ஓவர்லோட் வண்டிகளெல்லாம் வரிசையாக நின்று, சார் முதல் கவளத்தை வாயில் வைத்ததும் ஓடத் தொடங்குமாம். முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்றைக்கே, இனி வாழ்க்கையில் எந்தப் பழக்கமும் வைத்துக்கொள்வதில்லை என்று சார் சபதம் செய்துவிட்டார்.

சபதம் என்றால் சபதம். ஒரு நாள் ஒன்பது மணிக்கு வருவார், ஒரு நாள் பதினொன்றுக்கு வருவார். ஒரு நாள் முன்வாசல், ஒரு நாள் பின்வாசல். சாப்பாடு ஒரு நாள் பத்தரைக்கு, ஒரு நாள் நாலு மணிக்கு. குடை ஒரு நாள் வலது கையில், ஒரு நாள் இடது கையில். பாய் கடிந்துகொண்டால், "மோசம் பண்றவன் மொதல்ல நம்ம பழக்கத்தத்தான் படிப்பான் பாய். என்னை எவனும் படிக்க முடியாது" என்பார். கல்யாணமும் ஆகவில்லை, கயிற்றுக்கடை மாடியில் தனி அறை. ஆகவே சார் எப்போது வருகிறார் போகிறார் என்று கேட்க அங்கேயும் ஆளில்லை. அதையும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகவே சொல்லிக்கொண்டார்.

முதல் ஒரு மாதம் அவர் ஒரு வேலையும் செய்யவில்லை. ஸ்க்ரீனில் வீட்டுக்கு ஒரு கோடு ஓடும். கோடு ஏறும், இறங்கும். டீயைக் குடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பார். என்ன சார் செய்கிறீர்கள் என்றால், பழக்கம் படிக்கிறேன் என்பார். மிஷினுக்குள் ஒரு சாப்ட்வேர் போட்டிருந்தார். எந்த வீடு எந்தக் கிழமையில் எந்த நேரத்தில் எவ்வளவு நெட் இழுக்கும் என்று அது பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொண்ட பிறகு ஏதாவது வீடு வழக்கத்துக்கு மாறாக இழுத்தால் கத்தும். என்ன பார்க்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. எப்போது என்பது மட்டும் தெரியும். தார்ப்பாயைத் தூக்குவதில்லை என்பது சாரின் கொள்கை.

கத்தும் என்றேன் அல்லவா, அங்கேதான் வினை. முதலில் 'டிங்' என்று சத்தம் வைத்தார். பஜார் இரைச்சலில் காதில் விழவில்லை. அடுத்து ஆம்புலன்ஸ் சத்தம் வைத்தார். வாசலில் நின்ற ஆட்டோக்களெல்லாம் ஒதுங்கி வழி விட்டன. கடைசியில் இன்டர்நெட்டில் எங்கேயோ இலவசமாகக் கிடைத்தது என்று ஒரு சேவல் சத்தத்தை இறக்கிப் போட்டார். அது கூவினால் மீன் மார்க்கெட் வரைக்கும் கேட்கும். போனில் ஒரு அம்மாவிடம் "பாக்ஸை அணைச்சிட்டுப் போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பேன், பின்னால் "கொக்கரக்கோ" என்று அது ஆரம்பிக்கும். கேபிள் ஆபீஸுக்குத்தான் போட்டோமா என்று அந்த அம்மா நம்பரைச் சரிபார்ப்பார். டீக்கடைக்காரர் ஒரு நாள் வந்து மேஜைக்கு அடியில் குனிந்து தேடினார். வாரக் கடைசியில் அறுப்பதாக இருந்தால் தனக்கும் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சேவல் விடியற்காலையில் கூவாது. காலை பதினோரு மணிக்குத்தான் கூவும். சாப்ட்வேரை எழுதிய மகானுபாவன், திங்கள் முதல் வெள்ளி வரை எல்லோரும் ஆபீஸில் இருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார்கள் என்று நினைத்து எழுதியிருந்தான். இங்கே மீன் ஏலம் முடிந்து பெண்கள் வீடு திரும்பிப் போனை எடுக்கிற நேரம் பதினோரு மணி. விடியுமுன் காற்று எப்படி என்று பார்க்க ஆண்கள் போனை எடுப்பார்கள். விடியற்காலை சேவலுக்கு முதலிலேயே பழகிவிட்டது, பதினோரு மணி மெதுவாகத்தான் பழகியது. ஆனால் கோட்டைக்குப்பத்தின் கோடு மட்டும் பிடிபடவேயில்லை. ஒரு நாள் காலை முழுக்க ஆண்களின் போன்கள் சத்தமில்லாமல் கிடக்கும், மறுநாள் அமர்க்களப்படும். கிழமைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சேவல் தொண்டை கட்டுகிற அளவுக்குக் கூவியது.

எத்திராஜ் அண்ணன்தான் விளக்கினார். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடலாம் என்பதற்கு ஊருக்கு ஊர் முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். "எங்களுக்கு நாயித்துக்கிழமைன்றதெல்லாம் பேருக்குத்தான் சார். பாடு வந்தா ஏரி, இல்லாட்டி வூடு" என்றார். சார் அப்போதே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கோட்டைக்குப்பத்துப் பெரியவர்கள் நிழலில் வலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் பாடு வரிசை எனக்கு வேண்டும் என்று நேராகக் கேட்டார். எதற்கு என்றார்கள். உங்கள் வைஃபைக்கு என்றார்.

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்துக் குப்பத்துக்காரன் ஆள் அனுப்பி வேவு பார்க்கிறான் என்று முடிவு செய்து, மரியாதையாக உட்கார வைத்து, மோர் கொடுத்து, சுத்தமாகத் தப்பான வரிசையைச் சொல்லி அனுப்பினார்கள். சார் அதைப் பக்தியோடு மிஷினில் ஏற்றினார். அதன்பின் பாடு இருந்த நாளில் சேவல் உறங்கவேண்டிய நேரத்தில் கூவியது, பாடு இல்லாத நாளில் ஊரே கொள்ளை போய்விட்டதாகக் கூவியது. சார் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டு, பிறகு கோடுகளையே உட்கார்ந்து பார்த்தார். ஆண்களின் போன் எந்தக் காலையில் ஓய்ந்து கிடக்கிறதோ அதுதான் பாடு நாள் என்று தானாகவே வரிசையைக் கண்டுபிடித்துவிட்டார்.

அதோடு விட்டாரா? திரும்பப் போய், நீங்கள் சொன்னது தப்பு, சரியான வரிசை இது என்று அவர்களிடமே ஒப்பித்தார். பெரியவர்களுக்கு வேர்த்துவிட்டது. ஊர் ரகசியம் ஒயர் வழியாக ஒழுகுகிறது என்றால் சும்மாவா? பஞ்சாயத்து கூடியது. கடைசியில் சாரைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், எங்கள் பாட்டைப் பக்கத்துக் குப்பத்துக்குச் சொல்லமாட்டேன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கினார்கள். சார் கற்பூரத்தை அடித்துவிட்டு, சேவல் சார்பாகவும் ஒரு தடவை அடித்தார். சாப்ட்வேருக்காகச் சத்தியம் செய்த முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார்.

இதற்குப் பிறகு அவருக்குக் கொஞ்சம் துணிச்சல் கூடிவிட்டது. ஒரு பெண் நெட் மெதுவாக வருகிறது என்று கூப்பிட்டாள். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே சார் போனைப் பிடுங்கி, "உங்க வூட்ல இந்த நேரத்துக்கு ஒரு போன்தாம்மா ஓடும். இன்னிக்கு ரெண்டு ஓடுது" என்றார். வீட்டுக்காரர் ஏரிக்குப் போயிருக்கிறார், நான் மட்டும்தான் இருக்கிறேன் என்றாள் அவள். "அப்ப மாடியில பாருங்க" என்றார் சார். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே மாடியேறினாள். வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டி நிழலில் படுத்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் கேட்டதையெல்லாம் பத்திரிகையில் எழுத முடியாது. கம்ப்ளெயின்ட் போனை இனிமேல் சார் தொடக் கூடாது என்று பாய் உத்தரவு போட்டார்.

ஆனால் பாய் உண்மையில் கோபப்பட்டது காற்றடித்த நாளில். கடலில் காற்று பலமாக இருக்கிறது, யாரும் போக வேண்டாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். கோட்டைக்குப்பத்தில் போட்டெல்லாம் கரையில். கடலுக்கும் போகக் கூடாது, ஏரியிலும் இறங்க முடியாது. என்ன செய்வார்கள், ஊர் மொத்தமும் காலை பத்து மணிக்கு சினிமா போட்டுவிட்டது. இங்கே எல்லாக் கோடும் ஒரே சமயத்தில் ஜிவ்வென்று ஏற, சேவல் மூச்சு விடாமல் கூவ ஆரம்பித்தது. ஒரு வீடு இரண்டு வீடு இல்லை, ஒரு குப்பத்தையே திருடர்கள் பிடித்துவிட்டார்கள் என்று சார் நினைத்தார். நாங்கள் தடுப்பதற்குள் கோட்டைக்குப்பத்து லைன் முழுவதையும் அணைத்துவிட்டார்.

அரை மணி நேரத்தில் கோட்டைக்குப்பம் எங்கள் வாசலில் நின்றது. முன்வரிசையில் எத்திராஜ் அண்ணனின் நைனா. அண்ணன் ஏணியோடு மாடிக்கு ஓடி ஒளிந்துகொண்டார். எல்லோரும் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்; வில்லன் கதாநாயகியைத் தூக்கிக்கொண்டு போகிற இடத்தில் லைன் அறுந்துவிட்டது. "வெளிய காத்து, உள்ள நெட்டும் இல்லன்னா மனுஷன் இன்னாதான் பண்ணுவான்?" என்று கேட்டார் நைனா. நியாயமான கேள்வி. பாய் அந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்தவர். ஸ்டூலில் ஏறி நின்று, சண்டைக் காட்சி உள்பட மிச்சக் கதையைச் சொல்லி முடித்தார். கூட்டம் திருப்தியாகக் கலைந்தது. இறங்கியதும் பாய் சாரிடம், "இன்னொரு தரம் இந்த மாதிரி பேஜார் பண்ணினே, அடுத்த பஸ்ஸுல எளாவூருதான்" என்றார். தமாஷாகச் சொல்லவில்லை.

சார் அன்று டிபன் டப்பாவைத் திறக்கவேயில்லை.

அதற்கப்புறம் சில மாதங்கள் நன்றாகத்தான் போயின. காற்று, பாடு, திருவிழா, கிரிக்கெட் எல்லாவற்றையும் மிஷினுக்குச் சொல்லிக் கொடுத்தார். சேவல் அநாவசியமாக வாயைத் திறப்பதில்லை. அப்படிப்பட்ட ஒரு மத்தியானம் சென்னையிலிருந்து மறுபடி போன் வந்தது. ஒரு வாரமாகக் குப்பை வந்துகொண்டிருக்கிறது, சாயங்காலம் ஆறு மணிக்குள் எந்த மிஷின் என்று கண்டுபிடித்து நிறுத்தாவிட்டால் லைனை வெட்டிவிடுவோம் என்றார்கள். பாய் போனை வைத்துவிட்டு சாரைப் பார்த்தார்.

"உன் சேவல் இன்னாய்யா பண்ணுது?"

"சும்மாதான் இருக்குது பாய்" என்றார் சார். குரல் இறங்கிவிட்டது.

அவர் ஒவ்வொரு வீடாகப் பார்த்தார். எல்லா வீடும் ஒழுங்காகத் தன் பழக்கப்படி நடந்துகொண்டிருந்தது. பிறகு எல்லா வீட்டுக் கணக்கையும் கூட்டி, வாசல் வழியாக வெளியே போகிற கணக்கோடு ஒப்பிட்டார். வாசலில் அதிகம் இருந்தது. "நடுவுல எவனோ ஏறிக்கிறான்" என்று முணுமுணுத்தார். வீடுகளுக்கும் வாசலுக்கும் நடுவில் இருப்பது எங்கள் ஆபீஸ் ஒன்றுதான். அதில் மூன்று கம்ப்யூட்டர்கள். என்னுடையதையும் பாயுடையதையும் சேவல் கவனித்துக்கொண்டிருந்தது. சாருடையதை அவர் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. அவருக்குத்தான் பழக்கமே கிடையாதே. சேர்த்திருந்தால் சேவல் நாள் முழுக்கக் கூவியிருக்கும்.

எத்திராஜ் அண்ணன் உடனே ஒயரைப் பிடுங்கப் போனார். சார் மிஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒயரைப் பிடுங்கினால் மட்டும் போதாது, உள்ளே இருப்பதை முழுசாக அழித்தால்தான் திருடன் போவான். அழித்தால் ஒரு வருஷமாக அது படித்த எல்லாம் போய்விடும், குப்பங்களின் பாடு உள்பட. அழித்த பிறகு இது குற்றவாளி இல்லை என்று தெரிந்தால், அதுவும் போச்சு, லைனும் போச்சு. குப்பை விடாமலும் போகவில்லை. திடீரென்று ஒரு வீச்சு போகும், அப்புறம் மணிக்கணக்கில் அமைதி. ஆகவே ஒயரைப் பிடுங்கிவிட்டுக் காத்திருந்து பார்க்கவும் நேரமில்லை. இதுதான் என்று உறுதியாகத் தெரிய வேண்டும் என்றார். வாசலில் குப்பை வீசிய நேரங்களை எல்லாம் ஸ்க்ரீனில் எடுத்து, உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

"நேத்து காலைல பத்தரை."

"நேத்து நெத்திலிக் கொழம்பு சார்" என்றேன்.

"இன்னாம்மா?"

"நெத்திலின்னா நீங்க பொறுக்க மாட்டீங்க. பத்தரைக்கே டப்பாவைத் தூக்கிக்கினு பின்னால போயிடுவீங்க."

சார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுத்ததைப் படித்தார். "முந்தா நாள் நாலு மணி."

"தயிர் சோறு" என்றார் எத்திராஜ் அண்ணன். "தயிர் சோறுன்னா நாலு மணி வரிக்கும் தள்ளிப் போட்டுக்கினே இருப்பாரு."

"வெள்ளிக்கிழமை பன்னெண்டரை."

"நான் தொழுகைக்குக் கெளம்பினதும் நீ பஜ்ஜி துன்னக் கெளம்புவே" என்றார் பாய். "பள்ளிவாசல்லேர்ந்து பாத்தா டீக்கடையில உன் குடை தெரியும். பின்வாசல் வழியா வர்றதும் எனுக்குத் தெரியும். என் வண்டி வாசல்ல நின்னா பின்வாசல், நிக்கலைன்னா முன்வாசல்."

சாரின் குரல் மெல்லச் சின்னதாகிக்கொண்டே வந்தது. "திங்கக்கிழமை பதினொண்ணே கால்" என்றார்.

இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். மணி நாலரை ஆகியிருந்தது. சொல்லிவிட்டேன். "திங்கக்கிழமை உங்க அக்காவுக்கு லீவு சார். பின்னால கெணத்தாண்ட போய் நின்னுக்கினு அவங்ககூட போன்ல பேசுவீங்க. பேசிட்டு வந்தா கொஞ்ச நேரம் யார்கூடவும் பேசமாட்டீங்க. அப்பதான் எத்திராஜ் அண்ணன் உங்களுக்கு டீ வாங்கியாருவாரு."

சார் எத்திராஜ் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஏணியைப் பார்த்தார்.

படிக்கப் படிக்க ஒன்றுகூடத் தப்பவில்லை. குப்பை வீசிய ஒவ்வொரு நேரமும் சார் நாற்காலியை விட்டு எழுந்துபோன நேரம். அவர் கை மிஷின் மேல் இருக்கும்வரை அது சாதுவாக இருக்கும். எழுந்துபோனதும் வேலையை ஆரம்பிக்கும். தன்னை எவனும் படிக்க முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதரை, அந்த மிஷினும் படித்திருந்தது, நாங்களும் படித்திருந்தோம்.

கடைசியாக ஒரு பரீட்சை வைக்கலாம் என்றார் சார். எல்லோரும் சாப்பிடப் போகிற மாதிரி வெளியே போக வேண்டும். மிஷினுக்குச் சந்தேகம் வரக் கூடாது. "இயல்பா போங்க" என்று எங்களுக்கு உத்தரவு. மாலை நாலே முக்காலுக்கு நான்கு பேரும் ஆளுக்கொரு டப்பாவோடு, இயல்பாக, பின்பக்கம் போனோம். பாய்க்கு டப்பா இல்லாததால் கம்ப்ளெயின்ட் போனைத் துண்டில் சுற்றிக் கையில் கொடுத்தார் சார். பாயின் கம்ப்யூட்டரை ஜன்னல் பக்கம் திருப்பி, அதில் வாசல் கோடு தெரிகிற மாதிரி வைத்திருந்தோம். ஜன்னலுக்குக் கீழே நான்கு பேரும் குந்திக்கொண்டோம். நான் எழுந்து பார்க்கப் போனால், "தலையைக் காட்டாதம்மா, உஷாராயிடும்" என்று சார் அமுக்கிவிடுவார். கண்ணில்லாத மிஷினுக்கு ஒளிந்து நான்கு பேர் கிணற்றடியில் குந்தியிருந்ததைப் பார்த்து, பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த பெண் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரம்தான். கோடு விர்ரென்று மேலே ஏறியது. சார் உள்ளே ஓடி மவுஸில் கையை வைத்தார். கோடு பொத்தென்று கீழே விழுந்தது.

எந்த வழியாக உள்ளே வந்தது என்று தோண்டிப் பார்த்தால், சேவல். இலவசமாக இறக்கினாரே, அந்தச் சேவலின் வயிற்றுக்குள் உட்கார்ந்து வந்த திருடன்தான் இத்தனை மாதமும் பதுங்கியிருந்திருக்கிறான். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் சார் தன் கையாலேயே எல்லாவற்றையும் அழித்தார். பாடு போயிற்று, பதினோரு மணி போயிற்று, ஒரு வருஷப் படிப்பும் போயிற்று. பாய் சென்னைக்குப் போன் போட்டார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அங்கே கேட்டார்கள் போலிருக்கிறது. பாய் ஒரு நிமிஷம் யோசித்து, "எங்க ஆளுதான் புடிச்சாரு. அவர் டைமைத்தான் பாப்பாரு" என்றார். லைன் பிழைத்தது.

திரும்பிப் பார்த்தால் சார் குடையையும் பையையும் எடுத்துக்கொண்டு நிற்கிறார். எங்கே கிளம்பிவிட்டாய் என்றார் பாய். இன்னொரு தரம் பேஜார் பண்ணினால் எளாவூர் பஸ் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார் சார். அதைச் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிச்சதெல்லாம் அழிஞ்சிபோச்சே, திரும்பி யார் படிக்கறது, நானா?" என்றார் பாய். "உக்காருய்யா. டீ சொல்றேன்."

சார் உட்கார்ந்தார். காலியான ஸ்க்ரீனைப் பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமலே கேட்டார். "ஏம்மா, நான் ஒரு நாள் வரலைன்னா உங்களுக்குத் தெரிஞ்சிடுமா?"

"மத்தியானத்துக்குள்ள தெரிஞ்சிடும் சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லாரிக்காரனுங்க என்னைப் பாத்துக்கினு இருந்தது, தப்பிச்சிப் போறதுக்கும்மா. நீங்க..." என்றார். டீ வந்தது, குடித்தார்.

இப்போதும் அவர் எங்கள் ஆபீஸில்தான் இருக்கிறார். இப்போதும் தனக்குப் பழக்கமே இல்லை என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாங்களும் ஆமாம் என்போம். என்றைக்காவது வர நேரமாகிவிட்டால் நான்தான் போன் போடுவேன். "எங்க சார் இருக்கீங்க, பாய் திட்டறாரு" என்பேன். அது பொய். பாயும் எத்திராஜ் அண்ணனும் என் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, அவர் குரல் கேட்கிறதா என்று போனில் காதை வைத்துக்கொண்டிருப்பார்கள்.